தள்ளுபடிக் காரணி போட்டும் பத்திரத்தின் விலை 3 ரூபாய் குறைகிறது, எங்கே தவறு?

கேள்வி:
இந்திய அரசுக் கடன்பத்திரம். கூப்பன் (ஆண்டு வட்டி) 7%, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி, முதிர்வுக்குச் சரியாக 2 ஆண்டு, முகமதிப்பு 100. செட்டில்மென்ட் (பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கும் நாள்) கூப்பன் தேதியிலேயே, அதாவது வட்டி தரும் நாளிலேயே, விழுகிறது. தள்ளுபடிக் காரணிகள் (பின்னால் வரும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு): 6 மாதம் 0.9690, 12 மாதம் 0.9380, 18 மாதம் 0.9073, 24 மாதம் 0.8770. ஒவ்வொரு தொகையையும் அதனதன் காரணியால் பெருக்கிக் கூட்டினால் 97.55 வருகிறது. சந்தை விலை 100.62. காரணிகள் தப்பா?

பதில் 1:
காரணிகளில் தப்பில்லை. குறைவது 3.07, 3.50 × 0.8770 போட்டுப் பாருங்கள், அதேதான். கடைசி வரியில் அசல் 100 மட்டும் இருக்கும். அன்றைக்குக் கடைசி வட்டியும் வருமே, 103.50 என்று மாற்றுங்கள். நான்கு காரணிகளின் கூட்டல் 3.6913. அதை 3.50-ஆல் பெருக்கினால் 12.92, அசலுக்கு 87.70, மொத்தம் 100.62.

பதில் 2:
97.55-ஐப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2 × (1 − 0.8770) ÷ 3.6913 = 6.66%. இந்தக் காரணிகளின்படி விலை சரியாக 100 ஆக நிற்கும் கூப்பன் இது. உங்கள் பத்திரம் தருவது 7%. விலை 100-க்குக் கீழே போக வழியே இல்லை.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. 18 மாதக் காரணியை நானே எடுக்க முடியுமா? 40 நாள் கழித்து வாங்கினால் கணக்கு எப்படி மாறும்?

பதில் 1:
முதல் இரண்டும் 182, 364 நாள் கருவூல உண்டியல் (வட்டி தராமல், 100-க்குக் குறைந்த விலையில் விற்கும் அரசின் குறுகியகாலக் கடன்) விலையை 100-ஆல் வகுத்தால் கிடைக்கும். 18 மாதம் பாக்கியுள்ள 6.60% பத்திரம் 100.02-க்குப் போகிறது என்று வையுங்கள். முதல் இரண்டு கூப்பனின் மதிப்பு 3.30 × 1.9070 = 6.2931. மீதி 93.7269-ஐ 103.30-ஆல் வகுத்தால் 0.9073.

40 நாள் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய காரணிகளை அப்படியே விடக்கூடாது; அடுத்த கூப்பனுக்கு 140 நாள்தான் பாக்கி, நான்கையும் செட்டில்மென்ட் தேதியிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். இடைப்பட்ட நாளுக்குக் காரணியின் மடக்கையை (log) நேர்கோட்டில் இடைக்கணியுங்கள். வரும் கூட்டுத்தொகையில் சேர்ந்த வட்டியும் (கடந்த கூப்பன் தேதியிலிருந்து இதுவரையான 40 நாள் வட்டி) அடக்கம். சந்தையில் சொல்லும் விலையில் அது இராது. மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று எண்ணும் 30/360 முறையில் 3.50 × 40 ÷ 180 = 0.78. கூட்டல் 101.30 வந்தால் 100.52-ஐத்தான் சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும்.

பதில் 2:
ஒரு சேர்க்கை: உண்டியலுக்கு உண்மையான நாள்/365, பத்திரத்துக்கு 30/360. ஒரே நாள்கணக்குச் சூத்திரத்தை இரண்டுக்கும் இழுத்துவிடாதீர்கள்.