ஹாரோவில் லாஃப்ட் அறை: உயரம் போதுமா, கொட்டேஷன் சரியா?

வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி-டிடாச்ட் (ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய) வீடு. லாஃப்ட்டில், அதாவது கூரைக்கடியில், ஹிப்-டு-கேபிளும் (பக்கவாட்டுச் சரிவுக் கூரையை நேர்ச்சுவராக்குவது) பின்பக்க டார்மரும் (கூரைச் சரிவிலிருந்து பெட்டிபோல் வெளியே நீட்டும் பகுதி) போட்டு ஒரு படுக்கையறையும் ஷவரும் எடுக்கத் திட்டம். இரண்டும் சேர்ந்து 46 கன மீட்டர்தான் கூடுகிறது. பிளானிங் அனுமதி கேட்காமல் கூட்டக்கூடிய வரம்பு 50 என்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை.

தலைவலி உயரம்தான். பழைய ஜாயிஸ்ட்டின் (சீலிங்கைத் தாங்கும் மரச்சட்டம்) மேல்விளிம்பிலிருந்து கூரை முகட்டின் உச்சிவரை 2.50 மீட்டர். புது 195 மி.மீ. ஜாயிஸ்ட்டுகளைப் பழையவற்றுக்கு இடையில் இறக்கினாலும், கீழ் சீலிங்கில் படாமல் 20 மி.மீ. விட வேண்டும், தரைப்பலகையோடு தளம் 14 செ.மீ. ஏறிவிடும். டார்மர் கூரை முகட்டைத் தாண்டக் கூடாது. அதன் மரம், இன்சுலேஷன், பிளாஸ்டர்போர்டு எல்லாம் 32 செ.மீ. தின்னும். மிச்சம் 2.04. படிக்கட்டுக்கு மேல் பொதுவாக 2 மீட்டர் வேண்டுமே, பில்டர் இரண்டு இன்ச் பிசகினாலே மாட்டிக்கொள்வோம்.

லாஃப்ட்டுக்குக் கீழே உள்ள அறைகளின் சீலிங்கை 15 செ.மீ. இறக்கியவர்கள் இருக்கிறீர்களா? பிளாஸ்டர், வயரிங் என்று எவ்வளவு கூடியது? அல்லது டார்மர் கூரையில் பி.ஐ.ஆர். பலகையை (கெட்டியான நுரை இன்சுலேஷன்) ஜாயிஸ்ட்டுகளுக்கு இடையில் வைத்து, மேலே 50 மி.மீ. காற்றுவழி விட்டு உயரம் மிச்சம் பிடித்தீர்களா? ஈரம் கோத்ததா?

கொட்டேஷன் இரண்டு: வாட் (விற்பனை வரி) சேர்த்து 62,000 பவுண்டு, வாட் இல்லாமல் 54,000. மலிவாகத் தெரிகிற இரண்டாவதில் 20% சேர்த்தால் 64,800! அதிலும் ஸ்டீல் உத்திரங்களுக்கான பொறியாளர் கணக்கு, பில்டிங் கண்ட்ரோல் (கட்டட விதிச் சோதனை) கட்டணம், பார்ட்டி வால் (பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர்) சர்வேயர், கீழ் அறைகளுக்கான தீத்தடுப்புக் கதவுகள் எதுவும் இல்லை. இவற்றுக்குத் தனியே எவ்வளவு ஒதுக்கலாம்? பக்கத்து வீட்டுக்குப் பார்ட்டி வால் நோட்டீஸ் இரண்டு மாதம் முன்பே போக வேண்டும் என்பதால் இப்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.