கலிஃபோர்னியா கான்ட்ராக்டர் லைசென்ஸ்: அனுபவச் சான்று போதவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது

கேள்வி
வணக்கம். டெக்சாஸில் 6 வருடம் சமையலறை, குளியலறை புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்திருக்கிறேன். அங்கே ஜெனரல் கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது என்பதால் காட்ட எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் மாநிலக் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியத்திடம் 'பி' பிரிவுக்கு (பொதுக் கட்டட வேலை) விண்ணப்பித்தேன். அனுபவ விவரம் போதாது என்று திரும்பிவிட்டது. சான்றில் "ரீமாடலிங் வேலை முழுவதும் செய்தார்" என்று எழுதி வாங்கியிருந்தேன். தமிழ்நாட்டில் முடித்த பி.இ. சிவில் உதவுமா? பி-2க்கு (வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கான பிரிவு) மாறிவிடலாமா? எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) பெயரில் எடுப்பது நல்லதா?

பதில் 1
கவலைப்படாதீங்க, திரும்பி வந்தால் நிராகரிப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் 90 நாளுக்குள் திருத்தி அனுப்பிவிடுங்கள். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், கட்டணமும் திரும்பாது.

சிக்கல் அந்த ஒரு வரியில்தான். கடந்த 10 ஆண்டுக்குள் 4 ஆண்டு அனுபவம் வேண்டும், அதுவும் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை முடிக்கும் ஜர்னிமேன் நிலையிலோ அதற்கு மேலோ. ஹெல்பராக இருந்த காலம் சேராது. 'பி' பிரிவுக்கு ஃபிரேமிங் (சுவர், கூரைக்கு மரச்சட்டக் கட்டமைப்பு எழுப்புவது) அல்லது ரஃப் கார்ப்பென்ட்ரி (உள்ளே மறையும் கட்டமைப்புத் தச்சு வேலை), அதோடு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளாவது தெரிய வேண்டும். கேபினெட் மாட்டுவதும் கதவு நிலையைச் சுற்றி அலங்காரச் சட்டம் அடிப்பதும் ஃபிரேமிங் ஆகாது. சமையலறை, குளியலறை ஆட்கள் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

உண்மையில் செய்ததைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: ஸ்டட் (நிமிர்ந்த மரக்கட்டை) சுவர் எழுப்பியது, ஜன்னலுக்கு ஹெடர் (மேல் உத்தரம்) வைத்தது, டிரைவால் (ஜிப்சம் பலகை), டைல்ஸ், குழாய் மாற்றியது என்று. கையெழுத்துப் போடுபவர் உங்கள் வேலையை நேரில் பார்த்து அறிந்தவராக இருக்க வேண்டும்: முதலாளி, சக ஜர்னிமேன், வேறொரு கான்ட்ராக்டர், பில்டிங் இன்ஸ்பெக்டர், எஞ்சினியர். சொந்தமாகச் செய்தவர் என்பதால் ஒப்பந்தங்கள், பெர்மிட், 1099 படிவம் (ஒப்பந்த வேலை வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம்), பொருள் வாங்கிய பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். ஒரு பகுதி விண்ணப்பங்களை விசாரணைக்கு எடுப்பார்கள். அப்போது காகிதம்தான் பேசும்.

பதில் 2
பட்டத்தைப் பற்றி: படிப்புக்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை கணக்கில் சேர்க்கலாம், எவ்வளவு என்பது வாரியத்தின் முடிவு. குறைந்தது 1 ஆண்டாவது நேரடி அனுபவம் இருந்தே தீர வேண்டும். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியல் என்பதால் அமெரிக்கப் படிப்புக்கு எது சமம் என்று மதிப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய அறிக்கையும் இணையுங்கள். பட்டச் சான்றிதழின் நகலை மட்டும் வைத்தால் வேலைக்காகாது.

பதில் 3
பி-2வை 'சின்ன பி' என்று நினைக்க வேண்டாம், எல்லை வேறு. ஏற்கெனவே இருக்கும் மரச்சட்ட வீட்டில் குறைந்தது மூன்று தொடர்பில்லாத வேலைகள் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் எடுக்கலாம். பாரம் தாங்கும் சுவரில் கை வைக்கக் கூடாது. மின்சாரம், பிளம்பிங் அமைப்பை நீட்டவோ மாற்றவோ முடியாது. ஃபிக்ஸ்சர் (சிங்க், விளக்கு போன்றவை) மாற்றுவதற்கு வேண்டிய சிறு திருத்தம் மட்டும். சிங்க்கை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினால் அப்போதே எல்லை தாண்டியாகிவிட்டது. ஃபிரேமிங் அனுபவம் நிஜமாகவே இல்லையென்றால் பி-2 நல்ல வழி. இருக்கிறதென்றால் 'பி'யை விடாதீங்க.

எல்எல்சி வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள். எல்லோரும் வைக்க வேண்டிய 25,000 டாலர் கான்ட்ராக்டர் பாண்டுக்கு (நீங்கள் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரும் உத்தரவாதம்) மேல், எல்எல்சிக்கு 100,000 டாலர் தொழிலாளர் பாண்டும் (ஊழியர் சம்பளத்துக்கான உத்தரவாதம்) குறைந்தது 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் உண்டு. (25,000த்தை முழுதாகக் கட்ட வேண்டியதில்லை, ஆண்டு பிரீமியம்தான். ஆனால் பாண்ட் நிறுவனம் யாருக்காவது பணம் கொடுத்தால் உங்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும்.) தனி உரிமையாளராக எடுத்துப் பின்னால் எல்எல்சிக்கு மாறினால் புது விண்ணப்பம் போட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. லைசென்ஸ் வரும்வரை சின்ன வேலை எடுக்கலாமா? 1,000 டாலர் வரை பரவாயில்லை என்கிறார்களே?

பதில் 1
2025 ஜனவரி 1 முதல் வரம்பு 500லிருந்து 1,000 டாலர் ஆகியிருக்கிறது, சரிதான். ஆனால் கூலியும் பொருளும் சேர்த்து 1,000க்குள் இருக்க வேண்டும், பெர்மிட் தேவைப்படாத வேலையாக இருக்க வேண்டும், ஆள் வைக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் விலக்கு போய்விடும். 3,000 டாலர் குளியலறையை மூன்று பில்லாக உடைத்தாலும் அது ஒரே வேலைதான். விளம்பரத்தில் லைசென்ஸ் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

மீறினால் அபராதத்தைவிடப் பெரிய அடி, தொழில் சட்டத்தின் 7031ஆம் பிரிவு: வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது, வாங்கிய பணத்தையும் வாடிக்கையாளர் திரும்பக் கேட்கலாம்.

பதில் 3
தேர்வு இரண்டு: சட்டமும் வணிகமும் ஒன்று, தொழில் ஒன்று. விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் 18 மாதத்துக்குள் இரண்டையும் முடிக்க வேண்டும். பாண்ட் வாங்கும்போது பெயர் விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இனிஷியலை ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டால் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். நம் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும்.