32 பிட் எண்ணில் பைட் வரிசையைப் பாதி பாதியாகத் திருப்புவது எப்படி?

வணக்கம். ஒரு மின்மானி, மாட்பஸ் என்ற தொடர்பு நெறிமுறை வழியாக 32 பிட் முழு எண்ணை இரண்டு 16 பிட் ரெஜிஸ்டர்களாக, கீழ்ப்பாதியை முதலில் வைத்து அனுப்புகிறது. ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் உயர் பைட்டே முன்னால் வருவதால், 12345678 என்ற ஹெக்ஸ் மதிப்பை லிட்டில் எண்டியன் (கீழ் பைட்டை முதலில் வைக்கும்) முறையில் இயங்கும் கார்டெக்ஸ்-எம்4 சிப்பில் படித்தால் 34127856 என்று கிடைக்கிறது. நான்கு பைட்டுகளையும் ஒருசேரத் திருப்பும், அந்தச் சிப்பின் ரெவ் (REV) கட்டளை இதற்கு உதவாது. அது 56781234 என்றே தரும். தேவைப்படுவது, இரு பாதிகளையும் தனித்தனியே திருப்பும் ரெவ்16 (REV16) கட்டளை. இன்லைன் அசெம்பிளியில், அதாவது சி நிரலுக்குள்ளேயே சிப்பின் கட்டளையை நேரடியாக எழுதினால் வேலை எளிதுதான். ஆனால் இதே சி கோப்பை எக்ஸ்86 கணினியிலும் கம்பைல் செய்து சோதிக்க வேண்டியிருப்பதால் அதைத் தவிர்க்க விரும்புகிறேன். மாஸ்க்கும் ஷிஃப்டும் கொண்டு எழுதினால் ஜிசிசி கம்பைலர் அதை ஒரே ரெவ்16 கட்டளையாக மாற்றும் என்று நம்பலாமா, அல்லது முழுதாகத் திருப்பிவிட்டு 16 பிட் சுழற்றுவதுதான் நல்லதா? அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.