தண்ணிக்கு எத்தனை கிலோ கழிப்பீங்க?

பண்டாரவளை:

கடலோரச் சேற்றுப் பக்கம் தொண்டு வேலைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்க. நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் கேட்டதும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 11 பேர் பெயர் கொடுத்தோம். பாதிப் பேருக்குப் பறவையில் அக்கறையே இல்லை, கடல் பார்க்கத்தான். நடுச்சாமத்தில் வேன் ஏறி எல்ல, வெல்லவாய, தணமல்வில என்று இறங்கி, வெளிச்சம் வரும்போது தெற்குக் கடலோரப் புந்தலவில் நின்றோம். 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகப் பதிவான இடம். ஸ்வெட்டரோடு வந்தவர்கள் ஏழு மணிக்கே அதை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

எண்ணுவது லேசு இல்லை. நாற்பதாவது உள்ளானை எண்ணும்போது மொத்தக் கூட்டமும் எழும்பி வேறு பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கிற இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே போங்கள் என்றார் கூட வந்த வழிகாட்டி. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை கொழுந்து மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆள் தொகை சொல்வாரே, அது மாதிரி.

பூநாரை எங்கே என்று கேட்டேன். முன்பு கூட்டம் கூட்டமாக வருமாம். 80களில் லுணுகம்வெஹர நீர்த்தேக்கம் வந்தபின், வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய தண்ணீர் எம்பிலிகல, மலல களப்புகளில் விழுந்து உப்பு குறைந்துபோனது. உப்புத் தண்ணீரில் வாழும் சின்னச் சின்ன இறால் வகைகளும் குறைய, அவற்றைத் தின்ன வந்த பறவையும் போய்விட்டது. அந்த நீர்த்தேக்கத்துக்கு வரும் ஆறு கிரிந்தி ஓயா. எங்கள் ஊர்ப்பக்கம் பிறக்கிற ஆறு! எங்கள் லயத்து வீடுகளின் பீலியில் வழிகிற தண்ணீரும் சுற்றி வளைத்து அதில்தான் சேருமாக்கும். நல்ல தண்ணீர் போய் ஒரு பறவையை விரட்டியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

மதியம், புந்தல கிராமத்துக் கடற்கரையில் குப்பை பொறுக்கினோம். எங்களோடு வந்த பெரியம்மா 30 வருஷம் கொழுந்து பறித்தவர். கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினார், சாக்கை முதுகில் போட்டார், இரண்டு கையாலும் ஆரம்பித்துவிட்டார். போத்தல் மூடி, அறுந்த செருப்பு, நைலோன் வலைத்துண்டு, யோகட் கப் எல்லாம் தோளுக்கு மேலால் பறந்து சாக்கில் விழுகின்றன. நாங்கள் கையுறையை மாட்டி ஒரு பையை நிரப்புவதற்குள் அவருக்கு மூன்றாவது சாக்கு.

கடைசியில் நிறுவை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோ கழிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் பெரியம்மா தராசுக்குக் கிட்டப் போய் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிக்கு எத்தன கிலோ கழிப்பீங்க தம்பி?"

நான் சிங்களத்தில் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்துவிட்டு, ஒன்றும் கழிப்பதில்லை என்றான். 18.5 கிலோ. முழுசாக எழுதினான். வேனில் வீடு வரும்வரைக்கும் பெரியம்மாவுக்கு அதே பேச்சுத்தான்.

ஹட்டன்:

உங்களுக்கு நல்லபடியா அமைஞ்சிருக்கு அண்ணே. நான் கிழக்குப் பக்கம் கண்டல், அதுதான் உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளர்கிற மரம், நடப் போனேன். யார் கூட்டிப்போனார்கள் என்பது வேண்டாம். டீசேட், பேனர், பகல் சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் இருந்தது. கண்டல் கன்று முருங்கைக்காய் மாதிரி நீளமாக, தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும். அதை எடுத்துச் சேற்றில் குத்தினால் போதும். ஆனால் எங்களை நிறுத்தியது முழங்கால் ஆழத் தண்ணீரில். நாற்றுமேடையில் வேலை செய்தவன் என்பதால் எனக்கு அப்போதே மனசுக்குப் பிடிக்கவில்லை. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "இது எந்த நாளும் தண்ணி நிக்கிற இடம் மகன்" என்றார். நீர் வற்றி வற்றி ஏறுகிற இடம்தான் அதற்கு வேண்டும், எப்போதும் மூழ்கிக் கிடந்தால் கன்று மூச்சுமுட்டிச் செத்துவிடும். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். வெறும் குச்சி. 2004 சுனாமிக்குப் பிறகு நட்டதிலும் பல இடங்களில் இதே கதைதான். அந்த ஐயாவை முதல்லயே கேட்டிருக்கலாம்.

நுவரெலியா:

கடற்கரைக்குப் போக எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விக்டோரியா பூங்கா ஓடைப்பக்கம் நிற்பேன். மாரியில் ஆறுமணிக் குருவி வரும், காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வரும். எண்ணுவதற்குப் பத்து விரலே மிச்சம். அந்தப் பத்து பத்தாக எண்ணுகிற வித்தைக்கு இங்கே வேலை இல்லை அண்ணே.

பண்டாரவளை:

ஹட்டன் தம்பி, நீங்கள் எழுதியதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு நட்டவர்களுக்குப் பேர் போட்டார்களா, அதாவது ஒரு நாள் சம்பளம் பதிந்தார்களா என்று கேட்டார். தொண்டு வேலைக்கு ஏது பேர் என்றேன். கன்று பிழைக்காத வேலைக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர்கூடப் போடக்கூடாதாம்.