ஸ்டால்டு: தேக்கமா, தேங்கலா, இடைநிற்றலா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினிகளுக்கான இற்றைப்படுத்தல் உதவிக்குறிப்பில் ‘ஸ்டால்டு’ (பதிவிறக்கம் நடுவில் தானாக நின்றுபோன நிலை) என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் முடிவாகாமல் இருக்கிறது. முன்மொழியப்பட்டவை நான்கு: முடக்கம், உறைவு, தேக்கம், இடைநிற்றல். சொல்லைத் தேர்வதற்கு முன் நிகழ்வைப் பார்த்துவிடலாம்.

விண்டோஸ் 7 கணினியில் பதிவிறக்கம் 43 விழுக்காட்டில் நிற்கிறது என்று கொள்வோம். கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, பிட்ஸ் எனும் விண்டோஸின் பின்னணிப் பதிவிறக்கச் சேவைக்கான பிட்ஸ்அட்மின் கட்டளையால் எல்லாப் பயனர்களின் பதிவிறக்கப் பணிகளையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் நிலை, வந்த பைட்டு, மொத்த பைட்டு மூன்றும் ஒரே வரியில் வரும். நின்றுபோன பணியின் நிலை ‘டிரான்சியன்ட் எரர்’ (தற்காலிகப் பிழை) என்றிருக்கும். பணி சாகவில்லை. பிட்ஸ் இயல்பாக 600 நொடிக்கு ஒருமுறை மீண்டும் முயலும். 14 நாள் ஒரு பைட்டும் நகராவிட்டால்தான் அதைத் தோல்வியாக அறிவிக்கும். அதுவரை வந்த பகுதி வட்டில் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நமக்கு வேண்டிய சொல் இந்த நிலைக்குத்தான். ‘முடக்கு’ ஏற்கெனவே ‘டிசேபிள்’ பொருளில் வேரூன்றிவிட்டது. பயனர் சேவையையே யாரோ அணைத்துவிட்டதாக நினைப்பார். திரை உறைந்தால் சுட்டி நகராது, இங்கே சுட்டி நன்றாகவே நகர்கிறது. ஆகவே ‘உறைவு’ம் பொருந்தாது.

‘தேக்கம்’ நல்ல சொல்தான். ஆனால் ‘கேஷ்’ (தற்காலிகச் சேமிப்பு) என்பதற்குத் ‘தேக்ககம்’ என்று எழுதுவோரும் உண்டு. இந்தக் கோளாறுக்கு அடிக்கடி காரணமாவதோ அந்தச் சேமிப்புக் கோப்புறைதான். ‘தேக்ககம் பழுதானதால் தேக்கம்’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

தன்வினை, பிறவினை வேறுபாடு இங்கே கைகொடுக்கிறது. தேக்குவது நாம் செய்வது. தேங்குவது தானாக நிகழ்வது. எனவே நிகழ்வுக்குத் தேங்கல், வினைக்குத் தேங்கியது என்பது என் முன்மொழிவு. தேங்கிய நீர் மடை திறந்தால் ஓடும் என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது.

~

வணக்கம் ஐயா.

தன்வினை வாதம் சரிதான். ஆனால் அதே வாதம் ‘இடைநிற்றல்’ என்பதற்கும் பொருந்துகிறதே? பயனர் நிறுத்தினால் இடைநிறுத்தம், தானாக நின்றால் இடைநிற்றல். ‘பாஸ்’ என்பதற்கு ‘இடைநிறுத்து’ நிலைத்துவிட்ட நிலையில் இணைச்சொல் தானாக அமைகிறது. தேங்கல் என்றால் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று: எத்தனை நொடி நகராவிட்டால் தேங்கல்? வரையறையில் எண் வேண்டாமா?

~

அம்மா, வணக்கம்.

எண் வேண்டாம் என்றே கருதுகிறேன். எச்டிஎம்எல் வரையறை ஒலி, ஒளிக்கோப்புகளுக்குச் சுமார் 3 நொடி என்கிறது. கர்ல் எனும் பதிவிறக்க நிரலில் குறைந்தபட்ச வேக வரம்பு கொடுத்தால் இயல்பான காத்திருப்பு 30 நொடி. ஒவ்வொரு நிரலுக்கும் அளவு வேறு. ‘பணி உயிரோடு இருந்தும் தரவு நகராத நிலை’ என்ற வரையறை போதும்.

‘இடைநிற்றல்’ என்றதும் பள்ளியை விட்டே போன பிள்ளைதான் நினைவுக்கு வரும். அது திரும்பி வராததைச் சுட்டுகிறது. மேலும் சிறு திரையில் ‘இடைநின்றது’, ‘இடைநிறுத்தப்பட்டது’ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கண் தடுமாறும். ‘தொடர்’ பொத்தானை அழுத்த வேண்டியவர் காத்திருப்பார், காத்திருக்க வேண்டியவர் அழுத்துவார்.

சொல் பிழைத்தால் தீர்வும் பிழைக்கும் என்பதற்கு விண்டோஸ் 7-இலேயே சான்று உண்டு. ‘புதுப்பிப்புகளைத் தேடுகிறது’ என்று மணிக்கணக்கில் நிற்பதையும் பலர் ஸ்டால் என்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: எஸ்விசிஹோஸ்ட் (விண்டோஸ் சேவைகளை இயக்கும் நிரல்) ஒரு செயலிக் கருவை முழுதாகத் தின்றுகொண்டிருக்கும், வலைப்போக்குவரத்து சுழி. அது தேடல், தேங்கல் அன்று. சர்வீஸ் பேக் 1 உள்ள கணினியில் கேபி3020369, அடுத்து கேபி3172605 ஆகிய இற்றைப்படுத்தல்களை அந்த வரிசையில் கையால் நிறுவினால் தேடல் விரைவாகும். செயலியும் வலையும் இரண்டுமே சும்மா இருந்தால்தான் தேங்கல்.

அதற்கான படிகளை இப்படி எழுதலாம். முதலில் கடிகாரம்: தாய்ப்பலகையின் சிஆர்2032 மின்கலம் தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னே போகும், சான்றிதழ் செல்லாது, இணைப்பே அமையாது. 3 வோல்ட் கலம் அது, 2.5-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டும். தேதி சரி என்றால், விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் ஆகிய இரண்டு சேவைகளையும் நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதன் பெயரை மாற்றி, சேவைகளை மீண்டும் தொடங்கவும். அழிக்க வேண்டாம், புதியது தானாக உருவாகும். வரலாற்றுப் பட்டியல் வெறுமையாகத் தெரியும், நிறுவியவை போகா. புதிதாக நிறுவிய விண்டோஸ் 7 என்றால் ஷா-2 கையொப்பத்தை (இற்றைப்படுத்தல் உண்மையானதுதான் என்று உறுதிசெய்யும் முறை) ஏற்கச் செய்யும் கேபி4490628, கேபி4474419 இரண்டையும் மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாகிலிருந்து எடுத்து நிறுவாமல் மேலே நகராது.

~

ஐயா, பள்ளி எடுத்துக்காட்டு என்னை மாற்றிவிட்டது. ‘தேங்கல்’ எனக்கும் சம்மதம். திரையில் தோன்றும் சரங்களை இப்படி வைக்கிறேன், பாருங்கள்:

இடைநிறுத்தப்பட்டது: தொடர, பொத்தானை அழுத்தவும்.
தேங்கியுள்ளது (43%): தானாக மீண்டும் முயலும்.
தோல்வி: புதிதாகத் தொடங்கவும்.

‘தேங்கியது’ என்பதை விடத் ‘தேங்கியுள்ளது’ மேல். நிலை இன்னும் நீடிக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.