பட்டறையில் வெளிநாட்டு முத்திரைத் தங்கம்: வைத்திருந்ததே குற்றமாகுமா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் என் அண்ணன் சிறிய நகைப்பட்டறை நடத்துகிறார். அறிமுகமான ஒருவர் வளையல் செய்யச் சொல்லி, வெளிநாட்டு முத்திரை பதித்த பத்துத் தோலா தங்க பிஸ்கட் இரண்டைக் கொடுத்துச் சென்றார். அண்ணன் ஒன்றை உருக்கிவிட்ட நிலையில், சுங்க அதிகாரிகள் வந்து மீதியிருந்த பிஸ்கட்டையும், உருக்கிய கட்டியையும், அதே பெட்டியில் இருந்த வேறு வாடிக்கையாளர்களின் உருப்படிகளையும் மகஜர் (கைப்பற்றியவற்றின் பதிவு) எழுதிக் கைப்பற்றினார்கள். இப்போது சுங்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, விசாரணைக்கு வந்து வாக்குமூலம் தரச் சொல்லி அழைப்பாணை வந்துள்ளது. தங்கம் கொடுத்தவரின் கைப்பேசியோ அணைந்து கிடக்கிறது. கடத்தலில் எந்தப் பங்கும் இல்லாமல், கூலி வேலைக்காக வாங்கி வைத்திருந்தவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா? அண்ணனுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காடு வழக்கறிஞர்:
பொருள் கையில் இருந்தது என்பது மட்டுமே குற்றமாகாது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 135(1)(ஆ) பிரிவு, பறிமுதலுக்குரிய பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ அதைக் கைக்கொள்பவரையும், சுமப்பவரையும், மறைப்பவரையும், வாங்கி விற்பவரையும்தான் தண்டிக்கிறது. ஆனால் இந்த 'அறிந்து' என்ற நிபந்தனையை நம்பி அமைதியாக இருந்துவிடக் கூடாது. 138அ பிரிவின்படி, குற்ற வழக்கில் குற்றமனம், அதாவது தெரிந்தே செய்த எண்ணம், இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அது இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. பொதுக் குற்றவியல் வழக்குகளில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், உண்மையில் தலைகீழ்தான்.

தங்கத்துக்கு 123-ஆம் பிரிவும் உண்டு. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையின்பேரில் அதிகாரி கைப்பற்றியிருந்தால், அது கடத்தப்பட்டதல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை, யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவர்மீது விழுகிறது. வேறொருவர் உரிமை கோரினால் அவர்மீதும் சேர்ந்தே விழும். உங்கள் விஷயத்தில் உரிமையாளர் ஓடி ஒளிந்திருப்பதால் சுமை முழுவதும் பட்டறைக்காரரிடம் நிற்கிறது. பிஸ்கட்டை உருக்கியதாலும் பயனில்லை. உருவம் மாறினாலும் பறிமுதல் செய்யலாம் என்று 120-ஆம் பிரிவு சொல்கிறது.

சிறையைப் பற்றிக் கேட்டீர்கள். சந்தை மதிப்பு 1 கோடி ரூபாயைத் தாண்டினாலோ, ஏய்த்த சுங்க வரி 50 லட்சத்தைத் தாண்டினாலோ 7 ஆண்டு வரை சிறை உண்டு. அறிவிக்கையில் குறித்த சில தடைப் பொருள்களுக்கும் அப்படியே. மற்றவற்றில் 3 ஆண்டு வரை. இரண்டு பிஸ்கட்டும் சேர்ந்து ஏறக்குறைய 233 கிராம்தான். இப்படிப்பட்ட கடத்தலில் பொதுவாக 50 லட்சம் ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால்தான் குற்ற வழக்குத் தொடுக்க வேண்டும் என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2022-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது துறைக்கான வழிகாட்டுதலே அன்றி உங்கள் அண்ணனுக்குரிய உரிமை அல்ல. தங்கத்தைப் பறிமுதல் செய்வதும், 112-ஆம் பிரிவில் தண்டத்தொகை விதிப்பதும் குற்ற வழக்கைச் சார்ந்தவை அல்ல, தனியாக நடக்கும்.

பொள்ளாச்சிப் பொற்கொல்லர்:
வழக்கறிஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் கட்டியில் வெளிநாட்டு முத்திரை இருப்பதாலேயே கடத்தல் என்று பட்டறைக்காரன் எப்படி நம்ப முடியும்? அனுமதி பெற்ற வங்கிகள் சட்டப்படி இறக்குமதி செய்து விற்கும் கட்டிகளிலும் வெளிநாட்டு முத்திரைதான் இருக்கிறது. கேரள எல்லையிலுள்ள கோபாலபுரத்தைத் தாண்டி எங்களிடம் வரும் வாடிக்கையாளர்களிடம், 'இது எங்கே வாங்கியது?' என்று கேட்டால் அடுத்த வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

ஓய்வுபெற்ற சுங்கக் கண்காணிப்பாளர், கோவை:
கேட்காமல் இருப்பது தொழில் வழக்கம் என்பது விசாரணையில் எடுபடாது. வங்கியில் வாங்கிய கட்டிக்கு ரசீது இருக்கும். ரசீதும் இல்லாமல், கொடுத்தவரின் முகவரியும் இல்லாமல் வாங்கியதே 'நம்பக் காரணம்' என்று வாதிக்கப்படும். ஆகவே ஆர்டர் புத்தகத்தில் தேதி, எடை, டச் (தங்கத்தின் தரம்), கூலி ஆகியவை அன்றே எழுதப்பட்டிருந்தால் அதுவே பெரிய துணை. அழைப்பாணைக்குப் பிறகு எழுதிச் சேர்ப்பதைவிட எழுதாமல் விடுவதே மேல்.

108-ஆம் பிரிவு வாக்குமூலத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சுங்க அதிகாரி காவல்துறை அதிகாரி அல்லர் என்பதால் அந்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படுகிறது. தானாக மனமுவந்து தந்தது என்று கண்டால் அதையே தண்டனைக்கு அடிப்படையாகக் கொள்ளலாம் என்று கொச்சி சுங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. விசாரணையின்போது வழக்கறிஞர் அருகில் இருப்பதை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எனவே உங்கள் அண்ணன் தம் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுக்கக் கேட்பதுதான் நல்லது. உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்தில் தமிழ் தெரிந்தவர்கள் ஏராளம். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாளில், வாசித்து விளக்காமல் கையெழுத்திட வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லை. தங்கத்தைக் கொடுத்தவரைக் காப்பாற்றப் பெயரை மறைத்தால், பொய்ச் சாட்சியம் என்ற இரண்டாவது சிக்கலும் வரும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
மிக்க நன்றி. ஆர்டர் புத்தகத்தில் எடையும் பெயரும் இருக்கின்றன, முகவரி இல்லை. மற்ற வாடிக்கையாளர்கள் தினமும் வந்து அவர்களுடைய உருப்படிகளைக் கேட்கிறார்கள். அவை என்னவாகும்?

பாலக்காடு வழக்கறிஞர்:
அவற்றை அந்தக் கட்டியோடு சேர்த்து உருக்கவில்லை அல்லவா, அதுவே உங்கள் நல்ல காலம். கலந்திருந்தால், தமக்குத் தெரியாமல் கலந்தது என்று உரிமையாளர் நிறுவும் வரை முழுவதையும் பறிமுதல் செய்ய இடமுண்டு. இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரும் தம் நகையின் பழைய ரசீதையோ, கல்யாணப் புகைப்படத்தையோ இணைத்து, 110அ பிரிவின்படி பிணையின்பேரில் தற்காலிகமாக விடுவிக்கக் கோரித் தனித்தனியாக மனுக் கொடுக்கலாம். கைப்பற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள், நீட்டித்தால் மேலும் 6 மாதத்துக்குள், ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று காரணம் கேட்கும் அறிவிப்பு வர வேண்டும். வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். மகஜரின் நகலில் உள்ள தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மனுக்களை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.