மன்சியில் தந்திக்கம்பக் கண்ணாடிகளைத் தேடுவது எப்படி?

ரயிலடி:
வணக்கம். அடுத்த மாதம் அலுவல் காரணமாக இண்டியானாபொலிஸ் செல்கிறேன். ஒரு சனி, ஞாயிறு ஓய்வாகக் கிடைக்கும். நம் ஊர்த் தந்திக்கம்பங்களில் வெள்ளைப் பீங்கானையே பார்த்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, கம்பியின் மின்சாரம் கம்பத்துக்குக் கசியாமல் தடுக்கும் அமெரிக்கக் கண்ணாடி இன்சுலேட்டர்கள் மீது எனக்கு நெடுநாளாக ஆசை உண்டு. அவற்றைக் கோடிக்கணக்கில் வார்த்த ஹெமிங்ரே ஆலை இருந்த மன்சி நகரம் அருகில்தான் உள்ளது. ரயில் பாதையோரம் நிற்கும் பழைய கம்பங்களில் தேடலாமா, கடைகளில் வாங்குவதுதான் முறையா? ஊதா நிறத்தில் ஒன்றாவது கொண்டுவர விரும்புகிறேன்.

தாமிரக்கம்பி:
கம்பங்களை மறந்துவிடுங்கள். பாதையோர நிலம் ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானது. அனுமதியின்றி நுழைவதே குற்றம், கழற்றி எடுப்பது திருட்டு. பல வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் கடை போட்டிருக்கும் பழம்பொருள் அங்காடிகளுக்கும் ஞாயிற்றுச் சந்தைகளுக்கும் செல்லுங்கள். 'ஹெமிங்ரே - 42' என்று பொறித்த நீலப்பச்சைக் கண்ணாடி சில டாலர்களுக்கே கிடைக்கும். மலிவு என்று ஒதுக்காதீர்கள், வெயிலில் தூக்கிப் பிடித்தால் அதன் அழகு தெரியும். உட்புறத்தில் திருகுமரை (திருகிப் பொருத்துவதற்கான வரி) இல்லாத ஒன்று தென்பட்டால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விலை கேளுங்கள்: திருகுமரைக்கு லூயி கோவே காப்புரிமை பெற்றது 1865-இல் என்பதால், அத்தகையது பெரும்பாலும் அதற்கு முந்தைய வழக்கத்தைச் சேர்ந்தது.

பழங்கண்ணாடி:
ஊதாவில்தான் ஏமாறுகிறார்கள். மணலிலுள்ள இரும்பால் வரும் பச்சைச் சாயலைப் போக்க அக்காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள்; அந்தக் கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் நின்று மெல்ல ஊதாவாகும். இன்று கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதே நிறத்தை விரைவில் வரவழைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மை கொட்டியதுபோல் கறுத்த ஊதாவைக் கண்டால் நான் விலகிவிடுவேன். உண்மையான ஊதா வேண்டுமானால், 1910-களில் லாங் பீச்சில் வார்த்து 'கலிபோர்னியா' என்று பொறித்தவற்றைத் தேடுங்கள், அவற்றில் அந்நிறம் இயல்பானது.

ரயிலடி:
மிக்க நன்றி, ஐயா. கையில் எடுத்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும்?

தாமிரக்கம்பி:
கவிழ்த்து அடிவிளிம்பைப் பாருங்கள். மழைநீர் திரண்டு சொட்டி விழுவதற்காக அங்கே பற்கள்போல் சிறு முனைகள் வரிசையாக இருக்கும். ஹெமிங்ரே அதற்குப் பெற்ற காப்புரிமையின் நாளான 1893 மே 2, பல கண்ணாடிகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்கள்தான் முதலில் உடையும். விரலை மெதுவாகச் சுற்றி ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிதைவும் தட்டுப்படும். கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அது குறையன்று. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காலுறையில் நுழைத்து, ஒன்றோடொன்று முட்டாதவாறு துணிகளுக்கு நடுவே வையுங்கள். நான் இரண்டை ஒரே காலுறையில் திணித்துக்கொண்டு வந்து, வீட்டில் பிரித்தபோது மூன்று பற்கள் உள்ளங்கையில் உதிர்ந்தன.